நொய்மன் அம்மாவுக்கு நான் வைத்த பேனர்

நான் ஒரு முட்டாள். இதை முதல் வரியிலேயே நானே சொல்லிவிட்டால், படித்து முடித்துவிட்டு நீங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய சிரமம் இருக்காது. எங்கள் வீட்டில் இதைக் கண்டுபிடிக்கச் சிரமமே படவில்லை என்பது வேறு விஷயம்.

சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது மாலை நேரத்தில் ஜெர்மன் வகுப்புக்குப் போனேன். நான்கு மாதம். முதல் நிலைத் தேர்வில் ஒரு ரயில் நிலைய அறிவிப்பை ஒலிபரப்பி, ரயில் எந்த பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று கேட்டார்கள். எல்லோரும் பிளாட்பாரத்தைக் கண்டுபிடித்தார்கள். நான் அது ரயில் நிலையம் என்பதையே பரீட்சை முடிந்து டீ குடிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். ஃபெயில்.

இதை எங்கள் ஊர் வடக்கனந்தலில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. சொல்லாததால் என்ன ஆனது என்றால், ஊருக்குத் திரும்பிய ஒரு வாரத்தில் நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஜெர்மனி பற்றிய விசாரணை அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் நர்சிங் முடித்து ஜெர்மனிக்குப் போக ஆரம்பித்திருந்த காலம் அது. ஊருக்கே சந்தேகம் இருந்தது.

என் முக்கிய வாடிக்கையாளர் நடேசன் அண்ணன். கொஞ்சம் கரும்பு, ஒரு ஜீப். அந்த ஜீப்பைத்தான் மலை மேலிருக்கும் வெள்ளிமலைக்கு வாடகைக்கு ஓட்டுவார்.

“லூர்து, ஜெர்மன்காரன் ஞாயித்துக்கெழம கடையே தொறக்க மாட்டானாமே, நெசமா?”

“ஆமாண்ணா. சட்டமே அப்டித்தான்.”

“அப்ப கறிக்கு இன்னா பண்ணுவான்?”

“சனிக்கெழமயே வாங்கி வெச்சிடுவான்.”

“பழைய கறிய துன்னுட்டா அவ்ளோ நல்லா காரு செய்றான்?”

இன்னொரு நாள் வரலாறு.

“அங்க ஒரு பெரிய செவுரு இருந்து இடிஞ்சி பூட்ச்சாமே. எந்த கான்ட்ராக்டர் கட்னது?”

“தானா இடியலண்ணா. ஊரையே ரெண்டாப் பிரிச்ச செவுரு. ஜனங்களே சேந்து இடிச்சாங்க.”

“ஜனங்க கை வெச்சே இடியுதுன்னா, கான்ட்ராக்டர் ஆளுங்கட்சிதான். சந்தேகமே இல்ல.”

தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை அதைவிடத் தெளிவாகச் சொன்னேன். (ஜெர்மனியில் மாடு உண்டா என்று கேட்டதற்கு, உண்டு, அதுவும் டைமுக்குத்தான் கறக்கும், ஒரு நிமிஷம் தாமதமானால் உதைக்கும் என்று சொல்லியிருக்கிறேன். நடேசன் அண்ணன் வெகுநாள் அதை நம்பினார்.)

இப்படி நான் பெஞ்சில் ஜெர்மனியை ஆண்டுகொண்டிருந்தபோது, என் தங்கை ஸ்டெல்லா சத்தமில்லாமல் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தாள். நர்சிங் முடித்துவிட்டு வெள்ளிமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. காலை ஐந்தரைக்கு போனில் வகுப்பு. சிக்னல் கிடைக்காது என்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து படிப்பாள். அப்படியே நான்கு நிலையும் முடித்தாள். நான்கும் பாஸ். என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில் உள்ள முதியோர் இல்லம் அவளை வேலைக்கு எடுக்க விரும்பியது. போன் பேட்டி முடிந்தது. ஒன்றுதான் பாக்கி. அதற்கு முன் இந்தியாவிலிருந்து அங்கே போன இரண்டு பெண்கள், வீட்டில் அழுது கூப்பிட்டார்கள் என்று ஆறு மாதத்திலேயே திரும்பி வந்துவிட்டார்களாம். அதனால் அந்த இல்லத்தின் தலைவி திருமதி நொய்மன் இந்த முறை இந்தியா வந்து, எடுக்கப்போகும் பெண்களின் வீட்டையே நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டார்.

அதாவது ஸ்டெல்லாவின் மூன்று வருட உழைப்பு எங்கள் வீட்டின் லட்சணத்தில் வந்து நின்றது. வீட்டின் லட்சணத்தில் நானும் அடக்கம்.

“அண்ணா,” என்றாள் ஸ்டெல்லா, “நீ ஒன்னும் செய்ய வோணாம். ‘வாங்க’ன்னு சொல்லிட்டு ஓரமா உக்காந்துக்கினாப் போதும்.”

“எனக்கு அவங்க கலாச்சாரம் தெரியும் ஸ்டெல்லா.”

“அதான் பயமா இருக்குது.”

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வருகை. வியாழக்கிழமை அவர் வெள்ளிமலை போய் ஸ்டெல்லா வேலை பார்க்கும் இடத்தைப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை சென்னையில் விமானம். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கையில் போன் இருந்தது. நொய்மன் அம்மாவின் பக்கத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை அவருக்குப் பிறந்தநாள். அறுபது வயது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அறுபது! எங்கள் ஊரில் அறுபது என்றால் லேசா? அன்று அவர் விமானத்தில் இருப்பார், யார் கொண்டாடுவார்கள்? நாம்தான் முந்திக்கொள்ள வேண்டும். முந்துவதுதானே எங்கள் ஊரில் மரியாதை. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே பேனர் கட்டுவோம். தலைவருக்குப் பிறந்தநாள் என்றால் அந்த மாதம் பிறந்ததுமே கட்டிவிடுவோம். பிறந்தநாள் அன்றைக்குத்தான் பேனர் வைத்தான் என்றால் அவனுக்குப் பாசம் கம்மி என்று அர்த்தம்.

ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தால் தடுப்பாள். அதனால் அவளிடம் மூச்சு விடவில்லை. செவ்வாய்க்கிழமை கள்ளக்குறிச்சி போய் ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்தேன்.

டிசைன் செய்கிறவர் கேட்டார்: “எந்தக் கட்சிங்க?”

“கட்சி இல்லைங்க. ஜெர்மன் அம்மா.”

“அப்ப பனிமல போட்டுடலாம்.”

பனிமலை போட்டார். அதற்கு முன்னால் இரண்டு சிங்கம் போட்டார். (சிங்கம் வேண்டாம் என்றேன். இந்த அளவு பேனருக்குச் சிங்கம் விலையிலேயே அடக்கம், எடுத்தாலும் இடம் காலியாகத் தெரியும் என்றார்.) நடுவில் இல்லத்தின் இணையதளத்திலிருந்து எடுத்த நொய்மன் அம்மாவின் சிரித்த முகம், எட்டடி உயரத்தில். தலைக்கு மேல், “அகவை 60 காணும் முதியோர்களின் முதல்வியே! வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்!” அந்த 60 மட்டும் தங்க நிறத்தில், ஒரு ஆள் உயரம். அதையே ஜெர்மனிலும் ஒரு வரி போட்டோம். கீழே வரிசையாக வாழ்த்துவோர் படம்: போனைக் காதில் வைத்தபடி நடேசன் அண்ணன், கூலிங் கிளாஸில் நான், இன்னும் டீக்கடை நண்பர்கள் ஒன்பது பேர்.

புதன்கிழமை காலை ஸ்டெல்லா குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, எங்கள் வீட்டுக்கு எதிரே வேப்ப மரத்துக்கும் தெருவிளக்குக் கம்பத்துக்கும் நடுவில் நானும் நடேசன் அண்ணனும் கட்டிவிட்டோம். பிறகு வீட்டுக்குள் போய்க் கடைசிக் கட்டளைகளைப் பிறப்பித்தேன்.

“பதினொன்னுன்னா பதினொன்னு. ஜெர்மன்காரங்க ஒரு நிமிஷம் முன்னாலயும் வரமாட்டாங்க, ஒரு நிமிஷம் பின்னாலயும் வரமாட்டாங்க. அதுவரைக்கும் யாரும் கதவத் தொறக்காதீங்க. எட்டிப் பாக்குறது அவங்களுக்குப் புடிக்காது.”

அம்மா, அப்பா, ஸ்டெல்லா மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஏதோ கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. மணி பத்து முப்பத்தைந்து.

“வந்துட்டாங்க போலக்குதே,” என்று அப்பா எழுந்தார்.

“உக்காருங்கப்பா! இது அவங்களா இருக்காது.”

அவர்தான். ஜெர்மன்காரர்கள் நேரம் தவறமாட்டார்கள் என்பது சரி. ஆனால் தவறக்கூடாது என்பதற்காகவே முன்கூட்டி வந்துவிட்டு, சொன்ன மணி அடிக்கும்வரை வெளியே காத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. வேப்ப மர நிழலைப் பார்த்து டிரைவர் வண்டியைச் சரியாக அங்கே நிறுத்தியிருக்கிறார். ஆக, கள்ளக்குறிச்சி வெயிலில், இருபத்தைந்து நிமிடம், தன்னுடைய எட்டடி முகத்தையும் ஆளுயர வயதையும் இரண்டு சிங்கங்களையும் பார்த்தபடி, நொய்மன் அம்மா காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். நாங்கள் கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பதினொன்றுக்குக் கதவு தட்டப்பட்டது. ஸ்டெல்லா திறந்தாள். உயரமான, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய அம்மா, பின்னால் இருந்த பேனர் தெரியாதபடி வாசலை அடைத்து நின்றார். படத்தில் இருந்த சிரிப்பு நேரில் இல்லை. வெயில் போல என்று நினைத்தேன்.

ஸ்டெல்லா ஜெர்மனில் வரவேற்றாள். எங்கள் அம்மா மோர் கொடுத்தார். பேச்சு நன்றாகத்தான் போனது. நொய்மன் அம்மாவின் முகம்கூட மெல்ல இளகியது. அப்படியே விட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அந்த நேரம் பார்த்து நான் அடுப்படியிலிருந்து கேக்கோடு வந்தேன். மேலே 6, பக்கத்தில் 0, இரண்டு மெழுகுவர்த்தி எரிந்தது. ஜன்னலுக்கு வெளியே காத்திருந்த நடேசன் அண்ணன் கோஷ்டி கைதட்டிப் பாட ஆரம்பித்தது.

“நைன்!” என்றார் நொய்மன் அம்மா.

எனக்குத் தெரிந்த பத்து ஜெர்மன் சொற்களில் அது ஒன்று. ‘இல்லை’, ‘வேண்டாம்’, ‘கூடாது’ எல்லாம் அதில் அடக்கம். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, அவர் நாற்காலியோடு பின்னால் போனார். முகம் வெளுத்துவிட்டது. பாட்டு நின்றது. எங்கள் மர பெஞ்சைத் தேடிப் பிடித்து விரலால் மூன்று முறை தட்டினார். யாரோ வந்திருக்கிறார்கள் என்று அப்பா போய்க் கதவைத் திறந்து பார்த்தார்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக, முதன்முறையாக, பேனரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வர்ணிக்கப் போவதில்லை. அந்தப் பேனரில் இருந்த சிங்கங்களே தலையைக் குனிந்திருக்கும்.

“அண்ணா, பொறந்தநாளுக்கு முன்னாடி அவங்க ஊர்ல யாருமே வாழ்த்த மாட்டாங்க. ஒரு நாள் முன்னாடிகூட சொல்லக் கூடாது. சொன்னா அந்த நாள பாக்க மாட்டாங்கன்னு ஒரு இது. கெட்ட சகுனம். அது வெலகத்தான் மரத்த தட்னாங்க.”

“எனக்கு எப்டி ஸ்டெல்லா தெரியும்?”

“மொதல் லெவல் புக்குலயே இருக்குது. எட்டாவது பாடம்.”

நான் மூன்றாம் பாடத்தோடு மனதளவில் நின்றுவிட்டவன். வாழ்த்த வயதில்லை என்று எழுதியிருந்தோம். வாழ்த்த நாளும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நொய்மன் அம்மா ஏதோ சொன்னார். ஸ்டெல்லா மெல்லிய குரலில் எங்களுக்குச் சொன்னாள்: “இதையெல்லாம் நான் நம்புறதில்ல, ஆனா யாரும் செஞ்சி பாத்ததும் இல்லன்றாங்க.” அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கிளம்பப் போகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. ஸ்டெல்லாவின் கண்ணில் நீர் கட்டி நின்றது. ஆனால் அவள் அழவில்லை. அவர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஜெர்மனில் மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தாள். வேலையைப் பற்றிப் பேசியிருக்க மாட்டாள். குரலைக் கேட்டாலே தெரிந்தது.

அதுவரை ஒன்றும் புரியாமல் நின்ற அம்மா கேட்டார்: “இன்னாடி ஆச்சி இந்தம்மாவுக்கு?”

ஸ்டெல்லா சொன்னாள்.

“இவ்ளோதானா? கண்ணு பட்ருச்சின்னு பயப்படுது. சுத்திப் போட்டா சரியாப் பூடும்.” அம்மா அடுப்படியைப் பார்த்து நடந்தார். போகிற போக்கில் என்னிடம், “சாமியார்கிட்ட சொன்ன, தொலச்சிடுவன்,” என்றார். (நாங்கள் கிறிஸ்தவர்கள். சுத்திப் போடும் விஷயத்தில் மட்டும் பங்குச் சாமியாருக்குத் தெரியாத ஒரு தனி ஏற்பாடு.)

கல்லுப்பு, காய்ந்த மிளகாய். நொய்மன் அம்மாவை நாற்காலியோடு மூன்று சுற்று. “ஊரு கண்ணு, ஒறவுக் கண்ணு, என் புள்ள கண்ணு” என்று ‘என் புள்ள’யில் மட்டும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்துச் சொல்லி, விறகடுப்பில் போட்டார். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடியே வராது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. ஒன்றும் படவில்லை என்றால் மூக்கைத் துளைக்கும்.

வந்தது பாருங்கள் நெடி! அம்மா ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டிருந்தார். அப்பா இருமினார். நான் இருமினேன். ஜன்னலுக்கு வெளியே வாழ்த்துவோர் பதினோரு பேரில் என்னைத் தவிர்த்த பத்துப் பேரும் இருமிக்கொண்டே ஓடினார்கள். நொய்மன் அம்மா கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய இருமித் தள்ளினார்.

அம்மாவுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். “நெடி வருது பாரு! ஒன்னுமே படல! சொல்லுடி அவங்ககிட்ட, ஒன்னுமே இல்ல, நூறு வயசு இருப்பாங்கன்னு!”

ஸ்டெல்லா இருமிக்கொண்டே மொழிபெயர்த்தாள். நொய்மன் அம்மா அவளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், புகைக்கு நடுவில் கையில் கேக்கோடு அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். பேனரில் இருந்த அதே சிரிப்பு.

மூச்சு திரும்பியதும், தான் வந்ததற்கான கேள்வியை அம்மாவிடம் கேட்டார். அங்கே குளிர், இருட்டு, முதல் வருடம் இவள் அழுவாள். அழுதால் திரும்பி வரச் சொல்வீர்களா?

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய்தான் காரணம் என்று இன்றுவரை சொல்கிறார்.

“அழுதா போன் பண்ணட்டும். கூட நானும் அழுவன். திரும்பி வான்னு மட்டும் சொல்ல மாட்டன். தண்ணித் தொட்டி மேல ஏறி உக்காந்து படிச்ச பொண்ணுங்க அது.”

நொய்மன் அம்மா ஒரு சிறு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். முடிவைச் சொல்லவில்லை. மலையையும் பார்க்க வேண்டும் என்றார்.

வியாழக்கிழமைதான் எனக்கு நரகம். பிறந்தநாளுக்கு முதல் நாள், மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவுகள், நடேசன் அண்ணனின் ஜீப். சகுனத்தை நம்பாதவன் நான். ஆனால் இந்த அம்மா காலில் ஒரு முள் குத்தினாலும் காரணம் நான்தான், போவது ஸ்டெல்லாவின் வேலைதான். முன் சீட்டில் உட்கார்ந்து வண்டியை வாயாலேயே நான் ஓட்டினேன்.

“மெதுவாண்ணா. வளைவு வருது. ஆரன் அடிங்க. ஜாஸ்தி அடிக்காதீங்க, திடுக்குன்னு ஆவும். மெதுவா.”

“இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி பின்னாலதான்டா உருளும்.”

அரசுப் பேருந்து எங்களை முந்தியது. டிராக்டர் முந்தியது. மூன்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண்மணி முந்தினார். நடேசன் அண்ணன் பொறுமை இழந்தார்.

“இன்னாடா லூர்து, பொணத்த ஏத்திக்கினு போற மாதிரி...”

“அண்ணா, வாயக் கழுவுங்க!”

பின்சீட்டில் நொய்மன் அம்மா ஸ்டெல்லாவிடம் ஏதோ கேட்டார். நம் ஊரில் எப்போதும் இவ்வளவு கவனமாகத்தான் வண்டி ஓட்டுவார்களா என்று கேட்டாராம். ஆமாம் என்று ஸ்டெல்லா சொன்னாளாம். அவள் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும், அதுவும் எனக்காக.

வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் தினை விதைக்கிற ஒரு பெரியவர், காலில் ஆறிவந்த புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்திருந்தார். ஸ்டெல்லாவைக் கண்டதும், “நீ கட்னாதான் வலிக்காது தாயி,” என்று காலை நீட்டிவிட்டார். அவள் கட்டி முடிக்கும்வரை நொய்மன் அம்மா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பிறகு தண்ணீர்த் தொட்டியைக் காட்டச் சொன்னார். அண்ணாந்து வெகு நேரம் பார்த்தார். நான் மட்டும் அவர் மேலே ஏறிவிடக் கூடாதே என்று தொட்டி ஏணிக்கு முன்னால் குறுக்கே நின்றிருந்தேன்.

மாலையில் முழு உடம்போடு இறக்கிக்கொண்டு வந்து சேர்த்தோம். சென்னைக் காரில் ஏறும் முன் அவர் ஸ்டெல்லாவிடம் நான்கைந்து வாக்கியம் பேசினார். ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஜனவரிலேர்ந்து. காலைல ஆறு மணி ஷிப்டாம். மலையில அந்தப் பெரியவருக்குக் கட்னத பாத்தாங்களாம். நேத்து அவங்க கையப் புடிச்சிக்கினு உக்காந்தேன் இல்ல, அதையும் சொன்னாங்க. பயந்துபோன வயசானவங்கள எப்டிப் பாத்துக்குவன்னு கேக்கணும்னு இருந்தாங்களாம். கண்ணாலயே பாத்துட்டாங்க, அதான் கேக்கவே இல்லன்னாங்க.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நன்றி சொல்லலாம் என்று கார் ஜன்னலருகே குனிந்து வாயைத் திறந்தேன். நான்கு பக்கத்திலிருந்தும் நான்கு கைகள் வந்து என் வாயைப் பொத்தின. அதில் ஒன்று டிரைவருடையது.

வாழ்த்தை வெள்ளிக்கிழமை மதியம், மூன்று காலண்டர் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

ஸ்டெல்லா போய் மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் அழுதாள். அம்மாவும் சொன்னபடி கூடவே அழுதார், சொன்னபடி கூப்பிடவில்லை. அந்தப் பேனரை அப்பா மாட்டுக் கொட்டகைக் கூரைக்குப் போட்டிருக்கிறார். மூன்று மழைக்காலம் பார்த்தும் சிங்கம் வெளுக்கவில்லை. எங்கள் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் முதல் நாளே என் போனைப் பிடுங்கி வைத்துவிடுகிறார்கள். என் பிறந்தநாளுக்கு முதல் நாள் நடேசன் அண்ணன் வாசலில் ஜீப்பை நிறுத்தி, “நாளைக்கு இன்னா விசேஷம்னு எனக்குத் தெரியும், ஆனா நான் ஒன்னும் சொல்லல,” என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டுப் போவார்.

சிரிக்கட்டும். நானும்தான் சிரிக்கிறேன். என் மடத்தனத்தைப் பார்த்துவிட்டும் எழுந்து போகாமல், ஒரு கைப்பிடி மிளகாய்ப் புகையில் உட்கார்ந்திருந்து என் தங்கையைப் பார்த்த அந்த அம்மாவுக்கு நான் என்ன சொல்லி நன்றி தீர்ப்பது? என்னைத் திட்ட எல்லா உரிமையும் இருந்தும் இதுவரை ஒரு சொல் திட்டாத ஸ்டெல்லாவுக்கு?

போன வாரம் வீடியோவில் பேசியபோது இரண்டு பேரும் ஒன்றாக இருந்தார்கள். மனசு நெகிழ்ந்த நேரத்தில் கேட்டேவிட்டேன்: “ஸ்டெல்லா, நானும் அங்கயே வந்துடட்டுமா? அவங்க இல்லத்துலயே ஏதாவது வேலை இருந்தாக்கூடப் போதும். கேட்டுப் பாரேன்.”

ஸ்டெல்லா திரும்பி ஜெர்மனில் கேட்டாள். நொய்மன் அம்மா போனை வாங்கினார். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். என் தங்கையிடம் கற்றுக்கொண்ட தமிழில், மரியாதை குறையாமல் சொன்னார்:

“வோணாங்க.”